மேஜை ஓரத்து மணி

"இது கம்பெனியா, இல்ல பிள்ளைங்க கூடி விளையாடுற எடமா?"

படியேறும்போதே அப்பா கேட்டுவிட்டார். மகள் முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

அவள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்வது என்பது அன்று மாலைக்குள் முடிவாக வேண்டும். அப்பாவின் நண்பர் தம்முடைய பெரிய நிறுவனத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். அவளுக்கோ, கல்லூரி மாணவர்களே நடத்தும் இந்த மாடியறை மீது ஆசை. பழுதான கம்ப்யூட்டர்களிலிருந்து படங்களையும் ஃபைல்களையும் மீட்டுத் தருவது இவர்கள் தொழில்.

"ஒரு தடவை வந்து பாருங்கப்பா. பார்த்துட்டும் வேண்டாம்னா, நீங்க சொன்ன எடத்துக்கே போறேன்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர். அந்தக் கண்ணோடுதான் உள்ளே நுழைந்தார்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாற்காலி போட்டாள். அவள்தான் இடத்தின் பொறுப்பாளர். மற்றவர்கள் கிண்டலாக அவளை 'முதலாளியம்மா' என்றார்கள்.

அப்பா உட்காருவதற்குள் எங்கோ 'கிணிங்' என்றது. மேஜை ஓரத்தில் ஒரு சைக்கிள் மணி திருகப்பட்டிருந்தது. அதை அடித்த பையனைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள்; ஏதோ சரிசெய்தார்கள்; கலைந்தார்கள்.

"என்னம்மா இது?"

"தப்புப் பண்ணினவங்க அடிப்பாங்க சார். உடனே எல்லாரும் கை கொடுப்போம்."

"எங்க தொழிற்சாலையில தப்பு நடந்தா சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சிடுவோம்."

"கண்டுபிடிச்சு?"

"நிக்க வெச்சுக் கேள்வி கேப்போம்."

"இங்க யாருன்னு நாங்க கேக்குறதில்ல சார். மணியடிச்சவங்களைத் திட்டவும் கூடாது. எங்களுக்கு இருக்குற சட்டம் அது ஒண்ணுதான்."

அப்பா மகளைப் பார்த்துச் சிரித்தார். "பொறுப்பே கத்துக்காம வளர இதைவிட நல்ல எடம் கிடைக்காது."

மகளின் முகம் சுருங்கிப் போயிற்று.

நண்பர் கூப்பிடுகிற நேரம். ஃபோனில் சார்ஜ் தீரும் நிலை. அப்பா மேஜைக்கு அடியில் குனிந்தார். எல்லா ப்ளக் பாயிண்ட்டும் நிறைந்திருந்தது. ஓரத்தில் இருந்த ப்ளக் ஒன்றைப் பிடுங்கிவிட்டுத் தம் சார்ஜரைச் செருகினார். பேச்சைத் தொடர்ந்தார்.

"நாளைக்கு ஒருத்தர் இவளை, 'எங்கேம்மா வேலை பார்த்தே?'ன்னு கேட்டா..."

"ஐயோ" என்றது ஒரு குரல்.

மேஜை மேலிருந்த ஒரு கம்ப்யூட்டர் திரை இருண்டிருந்தது. கதவருகே காத்திருந்த ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படம் முழுவதும் அவர் கொண்டுவந்த டிஸ்க்கில் இருந்தது.

"பாதி காப்பி ஆகுறப்ப கரண்ட் போயிடுச்சு" என்றான் ஒருவன். "சாகப் போற டிஸ்க். சூடு ஆறுறதுக்குள்ள ஓட்டணும். ஆறிட்டா எழுந்திருக்காது. கரண்ட் எங்க விட்டுப்போச்சுன்னே தெரியல."

ஒருவன் சுவிட்சுகளைத் தட்டினான். இன்னொருத்தி பின்பக்க வயர்களை அசைத்துப் பார்த்தாள். யார் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காத இடத்தில் என்ன சொல்வது? காலடியில் தொங்கிய ஃபோனை மட்டும் மெதுவாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஊரார் குறையைத் தேடிப் பழகிய கண், தன் கையைப் பார்க்கக் கூசியது.

கிணிங்.

மணியருகே அவருடைய மகள் நின்றிருந்தாள்.

"நான்தான். மேஜைக்கு அடியில ஓரமா இருந்த ப்ளக்கைத் தெரியாமப் பிடுங்கிட்டேன்."

அவ்வளவுதான். எல்லாரும் ஓடி வந்தார்கள். முதலாளியம்மா மேஜைக்கு அடியில் புகுந்தாள். ஒரு கணம் அங்கே அசைவில்லை. பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. டிஸ்க் முனகியது, நின்றது, மறுபடி முனகி ஓடத் தொடங்கியது.

"சேரறதுக்கு முன்னாடியே மணியா? பெரிய ஆளா வருவீங்க" என்றான் ஒருவன். அறையே சிரித்தது. திட்ட ஒருவரும் வரவில்லை.

அப்பா விடைபெற்றுக்கொண்டு வேகமாகப் படியிறங்கினார். மகள் பின்னால் வந்தாள். கீழே வந்ததும் அவர் கேட்டார்.

"நீ ஏம்மா அடிச்சே?"

"நீங்க அடிப்பீங்கன்னு பார்த்தேன்ப்பா. டிஸ்க் ஆறிக்கிட்டு இருந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"சார்" என்று மேலிருந்து குரல் வந்தது. முதலாளியம்மா இறங்கி வந்தாள். அவருடைய சார்ஜரை வயர் சிக்காமல் அழகாகச் சுற்றி வைத்திருந்தாள்.

"இதை மறந்துட்டீங்க. வழியில தேவைப்படும்."

"எங்க இருந்துச்சும்மா?"

"அடியில இருந்துச்சு சார்." வந்த வழியே திரும்பிப் படியேறிவிட்டாள்.

ஃபோன் ஒலித்தது. நண்பர்.

"என்னப்பா, உன் பொண்ணு வராளா? எழுதிக்கட்டுமா?"

அப்பா கையிலிருந்த சார்ஜரைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. அவளுக்கு எடம் கிடைச்சிடுச்சு."

ஃபோனைப் பையில் போட்டார். மகள் வாசலை நோக்கி நடந்தாள். பின்னால் காலடி கேட்காமல் திரும்பினாள். அவர் இரண்டு படி ஏறியிருந்தார்.

"எங்கேப்பா போறீங்க?"

"மணியடிக்க."