வேக வரம்பு

"முரளிண்ணா, கேம் இழுத்து இழுத்து ஓடுது. கொஞ்சம் ஸ்பீடு பண்ணிக் குடேன்."

தினகரன் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தான். பைக் ரேஸ் கேம். ஏழு மாதத்துக்கு முன் கடலில் வலைக்கயிறு சுற்றி இழுத்ததில் அவன் வலது கை விரல்கள் நசுங்கிப்போயின. அன்றிலிருந்து போட் ஏறவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவன் வயசுக்காரர்கள் எல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, இவன் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்தான்.

பழவேற்காடு கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் முரளி. ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்தக் குடும்பத்தையே படித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"விண்டோஸ் இல்லியா?"

"லினக்ஸுண்ணா. வைஷ்ணவிதான் போட்டா. பழைய பொட்டிக்கு இதான் தாங்கும்னா."

வைஷ்ணவி தினகரனின் மனைவி. பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை.

முரளி ஒவ்வொன்றாகப் பார்த்தான். கிராபிக்ஸ் டிரைவர் சரியாக இருந்தது. மெமரி போதும். பின்னால் வேண்டாத புரோகிராம் எதுவும் ஓடவில்லை. கடைசியில் கேமைத் தொடங்கும் ஃபைலைத் திறந்தான்.

யாரோ வேண்டுமென்றே வேகத்துக்கு வரம்பு போட்டிருந்தார்கள். திரையில் நொடிக்கு அறுபது படம், அதாவது ஃப்ரேம், ஓடவேண்டிய கேம் நாற்பத்தைந்தோடு நின்றது. பழைய கேம். ஃப்ரேம் குறைந்தால் வண்டியும் மெதுவாகத்தான் போகும்.

"இத யாரு தொட்டது?"

தினகரன் விழித்தான். "எனக்கு இன்னா தெரியும்? அவதான் அப்பப்போ ஒக்காந்து இன்னாவோ பண்ணுவா."

வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா ஜெயம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நான் சொல்லல? சம்பாரிக்கிற திமிரு! என் புள்ள சிரிக்கிறதே அந்தப் பொட்டி முன்னாலதான். அதுவும் பொறுக்கல அவளுக்கு."

"உடும்மா" என்றான் தினகரன். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

முரளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை போய் உட்கார்ந்திருப்பவனிடம் காட்டுகிற வேலையா இது? அந்த ஃபைலில் வரம்பு பற்றி இருந்த வரிகளை மொத்தமாக அழித்துவிட்டு, "இப்ப ஓட்டுப்பா" என்றான்.

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. தினகரன் கோணிப்போன விரல்களை அம்புக்குறி பட்டன்கள் மேல் வைத்தான். முதல் வளைவில் தடுமாறினான். இரண்டாவதில் சமாளித்துக்கொண்டான்.

முரளி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வைஷ்ணவி பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தாள். விடுவானா?

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. புருஷன் வெளையாடுறது புடிக்கலன்னா நேராச் சொல்லலாமே. திருட்டுத்தனமா ஸ்பீட கொறைச்சி வெப்பியா? எல்லாத்தையும் எடுத்து உட்டுட்டேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, முழுசாவா எடுத்துட்டீங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மொதல்ல அறுபதுலதான்ணா ஓடிச்சி. டாக்டரு வெரலுக்கு வேலை குடுக்கச் சொன்னாருனு நான்தான் அந்த கேமைப் போட்டுக் குடுத்தேன். ஒரு வளைவுகூட தாண்ட முடியல அவரால. கை செத்துப்போச்சு, இனிமே போட் ஏற மாட்டேன்னு கீபோர்டைத் தூக்கி அடிச்சாரு. ரெண்டு நாள் சோறு தின்னல. அதான் அவருக்குத் தெரியாம முப்பதுக்கு எறக்கினேன். ஜெயிக்க ஆரம்பிச்சாரு. வாரத்துக்கு ஒண்ணு ஒண்ணா ஏத்தினு வரேன்."

முரளிக்கு அந்த ஃபைல் ஞாபகம் வந்தது. நாற்பத்தைந்து என்ற வரிக்கு மேலே, தேதி போட்டு, முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று வரிசையாக எழுதியிருந்தது. குப்பை என்று நினைத்து அதையும் சேர்த்துத்தான் அழித்திருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தப்பா நெனச்சிட்டேம்மா" என்றான் தரையைப் பார்த்தபடி. "கேம் ரொம்ப மெதுவா ஓடுதுனு தினகரன் கூப்பிட்டான். அதான்..."

வைஷ்ணவி சட்டென்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னொரு தபா சொல்லுங்கண்ணா... மெதுவா ஓடுதுனு அவரே சொன்னாரா?"