நாற்பதில் ஒன்று

கணினி நிரல்மொழி ஒன்றைப் பராமரிக்கும் அலுவலகத்தில், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு அது வேலையில் கடைசி மாதம். அந்த மொழியில் யார் நிரல் எழுத உட்கார்ந்தாலும் நாற்பது கருவிகள் கேட்காமலே வந்து நிற்கும். மற்றவற்றை ஒரு வரி எழுதிக் கூப்பிட வேண்டும்.

"தேதிக் கணக்குப் போடுற கருவியை அந்த நாற்பதுல இருந்து தூக்கிடலாம்," என்றாள் அக்கா அலுப்போடு.

"ஏன்க்கா, அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் போன வருடம் சேர்ந்த பக்கத்து மேசைக்காரி.

"தானா வந்து உட்கார்ந்துக்குதே, யாருக்கு வேணும்னு எப்படித் தெரியும்? வேணும்கிறவங்க கூப்பிடட்டும்."

"அதை எழுதின புண்ணியவான் கேட்டா மனசு உடைஞ்சுடுவாரு."

"உடைஞ்சா உடையட்டும்."

தூக்கினார்கள். புதிய பதிப்பு வெளியான மறுநாளே பக்கத்து மேசைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இருநூறு கடிதம்க்கா! எல்லாம் திட்டு. அது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்காம். பழையபடி சேர்த்துடவா?"

"சேர்த்துடு. அதுக்கு முன்னாடி ஒண்ணு விடாம வாசிச்சுக் காட்டு." அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"திட்டையா?"

"ஆமாம்மா. பதினோரு வருஷம் முன்னாடி அந்தக் கருவியை எழுதினது நான்தான். வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சொன்னதில்ல."