வெளிச் சக்கரம்

“ஒத்தைச் சக்கரம் எவ்வளவு சரிவு தாங்கும்? அதை முதல்ல சொல்லுங்க அண்ணே” என்று கேட்டுவிட்டு, அவள் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பட்டறை மெக்கானிக்கின் பார்வை அதிலேயே நின்றது. தன் வாயிலிருந்து வருவதெல்லாம் அந்த நோட்டில் ஏறி, நாளைக்கு யார் மேஜையில் போய் உட்காருமோ என்று பயந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், லீவில் வந்திருந்த அவள் தம்பி மேட்டுத் தோட்டத்தில் புல் வெட்ட இறங்கினான். பின்னால் நடந்தபடி பிடித்து ஓட்டுகிற கை டிராக்டர், முன்னால் வெட்டுக்கத்தி. பாதிச் சரிவில் வண்டி கவிழ்ந்து அவனையும் சேர்த்து உருட்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான்.

அதற்கு முந்தின நாள்தான் அவள் அந்த வண்டியை இதே பட்டறைக்குக் கொண்டுவந்து, பக்கத்துக்கு ஒன்றாக இருந்த சக்கரத்தை இரண்டிரண்டாக மாற்றிக்கொண்டு போயிருந்தாள். வெளிப்பக்கம் கூடுதலாக ஒவ்வொரு சக்கரம் பூட்டிக் கொடுத்தவன் இவன்.

விழுந்த வண்டியைத் தூக்கப் போன வேன்காரர் திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “வெளிச் சக்கரம் ரெண்டுமே வண்டியில இல்லப்பா.” அன்றிலிருந்து மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

போல்ட்டுகளைக் கையால் முடுக்கிவிட்டு ஸ்பானரை எடுக்கும்போது போன் வந்தது, அது நினைவிருக்கிறது. பேசி முடித்து வந்து ஸ்பானர் போட்டு இறுக்கினானா, இறுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டானா? அதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. வேலையில் ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டான் என்று அவனுக்குக் ‘கறாரு’ என்றே பட்டப்பேர்.

“சொல்லுங்க அண்ணே.”

“லேசான மேடுன்னா ஒத்தையே போதும்மா. உங்க தோட்டம் மாதிரி செங்குத்தா இருந்தா தாங்காது. குறுக்கே ஓட்டும்போது மொத்தப் பாரமும் கீழ்ப்பக்கத்துச் சக்கரத்து மேல போய் உக்காரும். ஒரு கல்லு ஏறினாக்கூடப் போதும், வண்டி படுத்துரும்.”

அவள் எழுதினாள். “ரெட்டை போட்டா?”

“கால அகட்டி வச்சு நிக்கிற மாதிரி. அவ்வளவு சுலபத்துல சாய்க்க முடியாது.”

“இரும்புச் சக்கரம்னு ஒண்ணு இருக்காமே?”

“பல்லு வச்சது. ஈரத்துலயும் வழுக்காம மண்ணைக் கவ்விப் பிடிக்கும். ஆனா புல்லு வேரோட பேந்து வந்துரும். அதுவும் தனியாப் போட்டா அகலம் பத்தாது. உங்க சரிவுக்கு ரெட்டைதாம்மா.”

அவள் எழுந்து போய், வாசலில் நின்ற வேனிலிருந்து வெளிச் சக்கரங்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள். டயரில் புடைத்திருந்த கட்டைகளில் ஒரு புல் கூட ஒட்டியிருக்கவில்லை. பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். உள்ளே எட்டு போல்ட்டும், அதனதன் வாஷரோடு.

‘புல்லுக்குள்ளே தேடித் தேடிப் பொறுக்கியிருக்கா. சாட்சிக்கு ஒண்ணு விடாம வச்சிருக்கா’ என்று நினைத்துக்கொண்டான்.

“புல்லு இடுப்புக்கு வளந்துருச்சு. இனி நான்தான் வெட்டணும், திரும்பப் பூட்டிக் குடுங்க” என்றாள். சற்று நிறுத்தி, “அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்” என்றாள்.

“கேளுங்கம்மா.”

“அன்னைக்கு இந்த ரெண்டும் வண்டியில இருந்திருந்தா, கவுந்திருக்குமா?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். கல்லைச் சொல்லலாம், ஈரத்தைச் சொல்லலாம், பழக்கமில்லாத கை என்று அந்தப் பையன் தலையிலேயே கட்டிவிடலாம். மூன்று வாரமாக அவன் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் நாக்கு வரை வந்தன.

“கவுந்திருக்காதும்மா” என்றான்.

பேனா நின்றது. இதை மட்டும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவன் அங்கே கிடந்த மரப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“என் தப்புதாம்மா. அன்னைக்கு நடுவுல ஒரு போன் வந்துச்சு. போல்ட்டை ஒழுங்கா இறுக்காமலே வண்டியைக் குடுத்துட்டேன் போலிருக்கு. அதான் போற வழியில கழண்டு விழுந்துருக்கு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். உள்ளே வரத் தைரியம் இல்லாம திரும்பிட்டேன். நீங்க போலீசுக்குப் போனாலும் சரி, எங்க கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்றேன்.”

அவள் நோட்டை மூடினாள். முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“இதைத் தம்பிகிட்டகூட இன்னும் சொல்லல” என்றாள் மெதுவாக. “போல்ட்டெல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சு அண்ணே. நீங்க பூட்டிக் குடுத்த அன்னைக்குச் சாயங்காலம், வண்டி ஷெட்டுக்குள்ள நுழையலைன்னு, கழட்டி வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு.”