அடுத்தவர் மணி

டிஸ்பென்சரிக்குப் போன் போட்டால் ஸ்டோர்க்காரன் எடுக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் சூசையப்பன் ரைட்டருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏறாதா பின்னே? தேவிகுளத்துக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில், எழுபத்து நாலில், எல்லா போனுக்கும் ஒரே கம்பிதான். யாராவது கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். டிஸ்பென்சரிக்கு ரெண்டு நீளம், ஃபேக்டரிக்கு மூணு குட்டை, ஸ்டோருக்கு ஒரு நீளம் ஒரு குட்டை என்று இடத்துக்கு ஒரு கணக்கு. அவரவர் மணிக்குத்தான் அவரவர் எடுக்க வேண்டும்.

இருமல் மருந்து கேட்க ஆபீஸ் போனிலிருந்து டிஸ்பென்சரிக்குச் சுற்றினார் ரைட்டர். "டிஸ்பென்சரி, சொல்லுங்க" என்றது ஸ்டோர்க் கருத்தப்பாண்டியின் குரல். சந்தேகப்பட்டு ஃபேக்டரிக்குச் சுற்றிப் பார்த்தார். அங்கேயும் அதே குரல்.

நேரே ஸ்டோருக்குப் போய்ச் சண்டை பிடித்தார். ஒரு போனை வைத்துக்கொண்டு ஊர் மணிக்கெல்லாம் பதில் சொல்ல நீ யார், ஒட்டுக் கேட்கிறதும் ஒரு பிழைப்பா என்று வாய்க்கு வந்தபடி கேட்டார்.

கருத்தப்பாண்டி உரச் சாக்கை அடுக்கிக்கொண்டே சொன்னான்:

"மணி பாட்டுக்கு அடிச்சிக்கிட்டே கெடக்கு, எடுக்க ஆளில்ல. எடுத்து, உரியவங்ககிட்ட சேதியச் சொல்லிருவேன். அம்புட்டுத்தான்யா."

அம்புட்டோடு விட ரைட்டருக்கு மனசில்லை. அன்றைக்கே மேனேஜர் தொரையிடம் போய் ஒன்றுக்கு இரண்டாக வத்தி வைத்தார்.

எஸ்டேட்டில் வேலை போனால் கம்பெனி தந்த லயத்து வீடும் சேர்ந்து போகும். கருத்தப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவன் பெண்டாட்டி வேலுத்தாய் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் தொரை முன்னால் நின்றார்கள். யார் யார் மணிக்கு எடுக்கிறாய் என்று கேட்டார் தொரை.

"ஸ்டோரு, டிஸ்பென்சரி, ஃபேக்டரி." கருத்தப்பாண்டி கொஞ்சம் தயங்கினான். "இன்னும் ஒண்ணு உண்டு. அத விட்ருங்க தொரை."

ரைட்டர் விடுவாரா? ஆள் வசமாக மாட்டினான் என்று ஒரே குஷி.

"மறைக்கிறான் பாருங்க. அது யாரு மணின்னு கேளுங்க தொரை."

தொரை சிரித்துவிட்டார்.

"அது எனக்கே தெரியும். உங்க மணிதான். மத்தியானம் எப்ப அடிச்சாலும் இவன்தான் எடுக்கிறான். 'ரைட்டர் மலைக்குப் போயிருக்காரு'ம்பான். இந்தக் குளிர்ல தினமும் தேயிலை வேலையப் பாக்க மலை ஏறுறீங்களே, எனக்குச் சந்தோஷம்தான்."

சாப்பாடு முடிந்ததும் ஆபீசைப் பூட்டிவிட்டு ரைட்டர் போவது மலைக்கு இல்லை, வீட்டுக் கட்டிலுக்கு. கம்பளிக்குள் புகுந்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். சாயங்காலம் கருத்தப்பாண்டி வந்து, "தொரை இப்படிச் சொல்லச் சொன்னாரு" என்னும்போதெல்லாம், தொரை ஸ்டோருக்குத்தான் பேசியிருப்பார் என்று நினைத்திருந்தார் மனுஷன்.

இப்போது கருத்தப்பாண்டி வாயைத் திறந்தால் தீர்ந்தது. யார் வீட்டுச் சாமான் முதலில் வெளியே வரும் என்று ரைட்டருக்குத் தெரியும். பயத்தில் இருமல்கூட வரவில்லை.

கருத்தப்பாண்டி வாயைத் திறந்தான்.

"மழையானாலும் போவாருங்க தொரை."

ரைட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தொரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, எடுத்தது போகட்டும். ஒட்டுக் கேக்கிறான்னு சொன்னீங்களே ரைட்டர், அது நிஜம்னா இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். என்ன கேட்டான்?"

"ஒட்டுக் கேக்கிறாரா? சேச்சே, யாரு தொரை சொன்னா?" என்றார் சூசையப்பன் ரைட்டர். "எல்லார் மணிக்கும் அவர்தான் ஓடி ஓடி எடுக்கிறாரு, பாவம். அவருக்கு நல்ல போனா ஒண்ணு மாத்திக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."