இன்ஜின் ஆற மூன்று நிமிடம்

கரும்புகையைக் கக்கிக்கொண்டு லாரி பட்டறைக்குள் வந்து நின்றது. டிரைவர் தணிகாசலம் இன்ஜினை உடனே அணைக்கவில்லை. டர்போ வண்டியை நிறுத்தினால் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, சூடு ஆறிய பிறகுதான் அணைக்க வேண்டும் என்று ஏசுரத்தினம் மேஸ்திரி அவனுக்கும் முதலாளிக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அந்த மூன்று நிமிடத்துக்குள் அவன் ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனான். "கொடுத்து வெச்சவன்" என்று முனகியபடி மேஸ்திரிதான் ஏறி இன்ஜினை அணைத்தார்.

ஒரே மாதத்தில் வண்டி இப்படிப் புகையோடு திரும்பி வருவது இது மூன்றாவது தடவை. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது. ஏசுரத்தினம் கை வைத்த வண்டி திரும்பி வராது என்று சித்தூரில் முப்பது வருஷமாகப் பேர். அந்தப் பேருக்குத்தான் இப்போது சனி பிடித்திருந்தது.

எல்லாம் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரால் வந்த வினை. மெட்ராஸிலிருந்து பெங்களூருக்கு இரும்பு ஏற்றிப் போகும் வண்டி மொகிலி மேட்டில் மூச்சு வாங்குகிறது, பெரிய இன்ஜெக்டராகப் போடு என்று திருப்பதியிலிருந்து வந்து நின்றார் முதலாளி சிட்டிபாபு. ஏலத்தில் எடுத்த டர்போ இன்ஜினுக்கு வாராவாரம் பூசணிக்காய் சுற்றுகிற மனிதர் அவர். டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாக மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"போட்டா மட்டும் ஆவாது முதலாளி. இன்ஜெக்டர் பெருசானா டீசல் ஜாஸ்தி ஊத்தும். டர்போ ஊதற காத்து அதேதான். அடுப்பு நெறைய வெறகை அடைச்சா எரியுமா, புகைதானே வரும்? டீசல் பம்பையும் அதுக்குத் தக்கினபடி செட் பண்ணணும். இல்லேன்னா பிஸ்டன் உருகிப்பூடும்" என்றார் மேஸ்திரி.

சொன்னதோடு விடவில்லை. பம்பைக் கழற்றித் திருப்பதிக்குத் தூக்கிப் போய், மெஷினில் ஏற்றி அளந்து, டீசல் அளவுத் திருகை இறுக்கிப் பூட்டி, கம்பி கோத்து ஈயத்தில் முத்திரையும் வைத்தார்.

வண்டி மேட்டில் பறந்தது. பத்தே நாளில் கரும்புகையோடு திரும்பி வந்தது. முத்திரைக் கம்பி அறுந்து தொங்கியது. ஆட்டத்தில் அறுந்திருக்கும், திருகும் நகர்ந்திருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். அந்த ஒரு நாளும் தணிகாசலம் பட்டறை பெஞ்சில் அசையாமல் தூங்கினான்.

அடுத்த தடவையும் அதே கதை. இன்று நான்கு மணிக்குத் தானே வருவதாகவும், வண்டி சரியாக இல்லாவிட்டால் தன்னுடைய நாலு லாரியும் கிருஷ்ணப்பா பட்டறைக்குப் போய்விடும் என்றும் சிட்டிபாபு சொல்லி அனுப்பியிருந்தார்.

மேஸ்திரி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். போன தடவை தடித்த கம்பியாக இரட்டையாகக் கோத்திருந்தார். அதையும் யாரோ குறடு வைத்துக் கத்தரித்திருந்தார்கள்.

தணிகாசலத்தை உலுக்கி எழுப்பினார். "பம்புல யாருப்பா கை வெச்சது? கிருஷ்ணப்பா ஆளுங்களா?"

அவன் சிவந்த கண்களைக் கசக்கினான். பொய் சொல்லக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "நான்தான் மேஸ்திரி."

அவருக்குக் கை ஓங்கிவிட்டது. "துன்ற சோத்துல மண்ணைப் போட்டியேடா. பிஸ்டன் உருகியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"வாரத்துக்கு ரெண்டு நடை போய்க்கினு இருந்தேன். நீங்க பெரிய இன்ஜெக்டர் போட்டீங்க, நாலு நடை ஆயிடுச்சு. மொத வாரத்துலயே மொகிலி மேட்டுல கண்ணு சொக்கிப்பூட்ச்சு. முழிச்சிப் பாத்தா எதுருக்க பஸ்ஸு, உள்ள நெறைய ஜனங்க. ஒரு சாண்ல தப்பிச்சேன். முதலாளியாண்ட சொன்னேன். வண்டியே சோர்ந்து போவல, உனுக்கு இன்னா கேடுன்னாரு." அவன் குரல் தேய்ந்தது. "வண்டி கெட்டாத்தான் மேஸ்திரி எனுக்குத் தூக்கம்."

ஓங்கிய கை இறங்கியது. கோபம் போகவில்லை. அறுந்த கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திருகைப் பழைய குறியில் வைத்துப் பூட்டினார்.

நான்கு மணிக்கு சிட்டிபாபுவின் கார் வந்தது. வண்டியைக் கிளப்பிக் காட்டினார் மேஸ்திரி. புகை துளியும் இல்லை.

"போன தபாவும் இப்படித்தானய்யா இருந்திச்சு" என்றார் சிட்டிபாபு. "தப்பு உன் வேலையிலயா, இவன்மேலயா? இவன்மேலன்னா இப்பவே சாவியைப் புடுங்கிக்கினு அனுப்பிடறேன். நீ சர்ச்சுக்குப் போற ஆளு, இன்ஜின் விஷயத்துல பொய் சொல்லமாட்டே. அதான் கேக்கறேன்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேஸ்திரியின் விரல் சட்டைப் பையில் கிடந்த கம்பியைத் தொட்டது. எடுத்துக் காட்டினால் போதும், முப்பது வருஷப் பேர் அப்படியே மீண்டுவிடும்.

"தப்பு என்னுதுதாங்க" என்றார். "மொதல்லயே உங்களாண்ட தப்பா சொல்லிட்டேன்."

"இன்னா தப்பா சொன்னே?"

"டர்போ ஆறதுக்கு மூணு நிமிஷம் பத்தாதுங்க முதலாளி, ஒவ்வொரு நடைக்கும் எட்டு மணி நேரம் வேணும்."