மாடி வீட்டு வைஃபை

ஜன்னல் வெயில் புது பிரின்டரின் வெள்ளை முதுகில் பட்டு, கூரையில் ஒரு சதுரமாக ஆடுகிறது. தச்சு வேலை பார்க்கும் அப்பா அதற்கென்றே அடித்த பலகையில் அது மகாராஜா மாதிரி உட்கார்ந்து பச்சைக் கண்ணைச் சிமிட்டுகிறது. காகிதம் மட்டும் வரவில்லை. காலி செய்கிறோம் என்று மாதக் கடைசி நாளான இன்று ஆறு மணிக்குள் எழுத்தில் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் இதே வீட்டில், மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் வாய்க்குக் கீழே குடியிருக்க வேண்டும். என் கடைசிப் பரீட்சைக்கு மூன்று மாதம் வைஃபை கொடுத்தவர். அன்றிலிருந்து வாசலில் யார் நின்றாலும், “என் வைஃபைலதான் இவ டிகிரி வாங்கினா” என்பார். மூன்று வருடம் கண்விழித்துப் படித்தது நானா, வைஃபையா? “நானும் அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன், வரமாட்டேங்குது,” என்று அம்மா லேப்டாப்பை மறுபடி தட்டுகிறாள். குனிந்து பார்க்கிறேன். பிரின்டர் எங்கள் புது வைஃபையில் இருக்கிறது. லேப்டாப் பழைய பழக்கத்தில் மாடி வீட்டு வைஃபையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. “அதுக்கும் அந்தம்மாவை விட மனசில்லையா?” என்று அப்பா சிரிக்கிறார். மாடி வீட்டுப் பெயரை அழித்துவிட்டு எங்களுடையதில் சேர்க்கிறேன். பிரின்டர் தொண்டையைச் செருமுகிறது. ஒரு கடிதம் வருகிறது. இன்னொன்று. மொத்தம் ஏழு, அத்தனையும் அதே கடிதம். “ஒண்ணு போதாதாடி?” “எல்லாம் நீ அமுக்கினதும்மா.” அப்பா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மேல் தாளைத் தொட்டுப் பார்க்கிறார். “சூடா இருக்கு. அப்படியே கொண்டுபோய்க் குடு.” நான் ஏழு தாளையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன்.