வெப்பக் கசிவு

மைனஸ் அறுபது டிகிரியில் சூரை மீன் அடுக்கிவைத்த மூன்றாம் அறையில் வெப்பக் கசிவைக் கண்டதும், கேமராவே கதவைப் பூட்டி, குளிரைக் கூட்ட ஓகே கேட்டது. பிலோமினாவின் திரையில் நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது.

“முப்பத்தாறு டிகிரி காட்டுது சார்.”

“கேமரா பாத்துக்கிடும். நீ ஓகே குடு,” என்றார் சூப்பர்வைசர் கோமதிநாயகம்.

கொடுத்தாள். உள்ளே ஆள் இருந்தால், அவர் போட்டிருக்கும் குளிர்க்கோட்டின் சிப்பை வைத்துக் கேமரா கண்டுபிடித்துவிடும். முப்பது, இருபது என்று திட்டு இறங்க இறங்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மதியத்துக்குள் திரை முழுக்க நீலமாகி, ‘கசிவு சரியானது’ என்று பச்சை எழுத்து வந்தது.

சாப்பாட்டு நேரத்தில், மீன் அடுக்கும் சேசையாவை எங்கும் காணவில்லை. அவருக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவந்திருந்த பிலோமினா, தேடிப் பார்த்துவிட்டுச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

“சேசையாண்ணன எங்க சார் அனுப்புனீங்க?”

“எங்கயும் அனுப்பலையே. கோட்டு மாட்டுற ரூம்லதான் இருக்காருன்னு கேமரா காட்டுது.”

அவள் நின்றது அந்த அறையில்தான். அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு நிமிஷ வேலைக்கு இது எதற்கு என்று சேசையா எப்போதும் சலித்துக்கொள்ளும் கோட்டு, ஆணியில் தொங்கியது.

ஓகே கொடுத்த விரல் அவளுக்கு விறைத்துப்போனது.